போருக்குப் பின் வடக்கில் கட்டடப் பொருள் விலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2010ஆம் ஆண்டிலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்கு மதிப்பீடு போட்டுக் கொடுத்தும், கட்டிய வேலையை அளந்தும் வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் விலை பற்றிய அதே சந்தேகங்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. இப்போது வெளிநாட்டிலிருந்து வந்து பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் அவற்றையே கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

எது உள்ளூர்ப் பொருள், எது இறக்குமதிப் பொருள் என்று முதலில் சொல்லுங்கள்.

மணல், கருங்கல் சல்லி, கிறவல், செங்கல், களிமண் ஓடு, பனை, தேக்கு, வேம்பு ஆகியவை இந்த நாட்டிலேயே கிடைப்பவை. கூரைத் தகடு, அலுமினியம், கண்ணாடி, மின்கம்பிக்கான செம்பு, குழாய்க்கான மூலப்பொருள் ஆகியவை கப்பலில் வருபவை.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவைதான் பலரையும் ஏமாற்றுகின்றன. சீமெந்து மூடையில் இலங்கைத் தயாரிப்பு என்று அச்சடித்திருக்கும். ஆனால் இந்த நாட்டின் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுச் சீமெந்து செய்யும் ஆலை புத்தளத்தில் மட்டுமே இயங்குகிறது. அதற்கான கல் அருவக்காட்டில் எடுக்கப்படுகிறது. திருகோணமலை ஆலை, வெளிநாட்டில் சுட்டெடுத்த கிளிங்கர் கட்டிகளைக் கப்பலில் இறக்கி அரைத்து மூடையில் நிரப்புகிறது. கம்பியும் அப்படித்தான். இரும்புப் பாளம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது, அதைக் கம்பியாக உருட்டுவது இங்கே. ஆகவே சீமெந்தையும் கம்பியையும் டொலர் விலைப் பொருள்களாகவே கணக்கில் எடுங்கள்.

சண்டைக் காலத்தில் ஒரு மூடை சீமெந்து ஏன் அந்த விலை விற்றது? அப்போதும் டொலர்தான் காரணமா?

இல்லை. அது பாதையின் விலை. 1990இல் அரசு வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடையில் சீமெந்தும் இரும்பும் தடைப் பட்டியலில் இருந்தன. பதுங்குகுழி கட்டப் பயன்படும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அதே 1990இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் மூடப்பட்டது. காலடியில் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லை வைத்துக்கொண்டு, ஒரு கிணற்றுக் கட்டுக்குச் சீமெந்து இல்லாமல் யாழ்ப்பாணம் தவித்தது.

2002இல், வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்தபோது விலை இறங்கியது. ஆனாலும் இருபுறச் சோதனைச் சாவடிகளும் வரிகளும் ஏற்றி இறக்கும் கூலியும் அதன் மேல் ஏறிக்கொண்டே இருந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட, குடாநாடு கப்பலை நம்பியது. அந்த ஆண்டுகளில் கொழும்பு விலையை வைத்து வடக்கின் விலையை ஊகிக்கவே முடியாது.

போர் முடிந்ததும் விலை இறங்கியதா, ஏறியதா? ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களே?

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். வெவ்வேறு பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

2009 மே மாதத்துக்குப் பின் வீதி திறக்கத் திறக்க, கப்பலில் வரும் பொருள்களின் விலை வடக்கில் சரிந்தது. வேறு இரண்டு காரணங்களும் கைகொடுத்தன. 2008 நடுப்பகுதியில் உச்சத்தில் இருந்த உலக இரும்பு விலை அந்த ஆண்டின் இறுதிக்குள் விழுந்துவிட்டது. 2009இல் 115 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் 2011இல் 110 ரூபா அளவுக்கு இறங்கி நின்றது.

அதே நேரத்தில் மணல், சல்லி, மரம், மேசன் கூலி ஆகியவை மேலே கிளம்பின. வெளியிலிருந்து வருவது விலை கூடும், ஊரில் கிடைப்பது மலிவாகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், நானும் உட்பட. என்னுடைய முதல் மதிப்பீடுகளில் சீமெந்துக்கும் கம்பிக்கும் கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். மணலுக்கு வைக்கவில்லை. கடைசியில் சீமெந்துக் கணக்கு சரியாக வந்தது, மணல் கணக்கு உதைத்தது.

மணல் எங்கள் ஆற்றில்தானே கிடக்கிறது தம்பி? அதற்கு ஏன் இந்த விலை?

கிளிநொச்சியில் ஒரு அம்மா இதைக் கேட்டபோது அவருடைய வளவில் அத்திவாரக் குழி வெட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. சீமெந்து மூடைகள் தறப்பாளின் கீழ் பலகை மேல் அடுக்கியிருந்தன. கம்பி வளைத்து முடிந்திருந்தது. கடல் கடந்து வந்ததெல்லாம் வந்துவிட்டது, சில மைல் தூரத்து மணல் வரவில்லை. மழை வந்து குழியின் ஓரங்கள் சரியத் தொடங்கியிருந்தன.

ஆற்றில் கிடக்கும் வரை மணலுக்கு விலை இல்லை. அதை அள்ள 1992ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உத்தரவு வேண்டும். ஏற்றிச் செல்லத் தனி அனுமதி வேண்டும். ஆறு காட்டுக்குள் ஓடினால் வனத் திணைக்களமும் சம்மதிக்க வேண்டும். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று இருந்தது: கண்ணிவெடி. வெடி அகற்றி முடிந்தது என்ற சான்று வராத கரைக்கு உழவு இயந்திரம் போகாது. எனவே திறந்திருந்த சில இடங்களிலேயே எல்லோரும் வரிசை கட்டினார்கள். வரிசையில் நாங்கள் மட்டும் இல்லை. ஏ-9 வீதி, ரயில் பாதை, பாலங்கள், பாடசாலைகள், முகாம்கள் என்று எல்லா வேலைகளும் ஒரே காலத்தில் நடந்தன.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மணல் உள்ளூர்ப் பொருள், அதைச் சுமக்கும் டிப்பரின் டீசல் இறக்குமதிப் பொருள். தூரம் கூடக் கூட, நீங்கள் மணலுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு டீசலுக்கும் காத்திருப்புக்கும்தான் போகிறது. அதே சமயம், உத்தரவே வேண்டாம், அள்ளட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கனகராயன் ஆற்றின் கரைகளும் வடமராட்சி கிழக்கின் மணல் திட்டிகளும் கள்ள மணலுக்கு எவ்வளவு பறிகொடுத்துவிட்டன என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒரு கியூப் என்று சொல்லிப் பறிக்கிறார்கள். அளவு சரியா என்று எப்படித் தெரியும்?

ஒரு கியூப் என்பது 100 கன அடி. பெட்டி 10 அடி நீளம், 5 அடி அகலம் என்றால், மணல் 2 அடி உயரம் நிற்க வேண்டும். பறிப்பதற்கு முன் நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஈர மணல் உப்பி நிற்கும். காய்ந்தால் நாலில் ஒரு பங்கு வரைகூடக் குறையலாம். ஈர மணல் வந்தால் அதற்கேற்பப் பேரம் பேசுங்கள்.

பனை இல்லாத ஊரா இது? கைமரம் ஏன் கிடைக்கவில்லை?

கூரையைத் தாங்கும் கைமரமும் அதன் மேல் குறுக்கே அடிக்கும் சலாகையும் தரும் பனை, வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை. அது ஒரு தலைமுறைக்கு மேல் நின்று வளர வேண்டும். அப்படிப்பட்ட பனைகளில் பெரும் எண்ணிக்கை இரு தரப்பினதும் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்டது. நின்றவற்றில் பல எறிகணையால் தலை இழந்தன. மிச்சத்தைத் தறிக்க அனுமதி எடுக்க வேண்டும், அது நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் வீடு கட்டுகிறவருக்கு விலை ஏறுகிறது.

தேக்குக்கும் வேம்புக்கும் வேறொரு துன்பம். ஒரு மர ஆலையில் வேப்ப மரம் அறுத்துக்கொண்டிருந்தபோது வாள் கிரீச்சென்று கத்தி நின்றது. பிளந்து பார்த்தால், விரல் நுனி அளவு எறிகணைச் சிதறல். அதைச் சுற்றி மரம் கறுத்து, ஆண்டு வளையங்கள் அதன் மேல் மூடி வளர்ந்திருந்தன. வாளின் பற்கள் நான்கு போயின. அதற்குப் பின் அந்த ஆலைக்காரர் சண்டை நடந்த பகுதியின் மரம் என்றால் கூடுதல் கூலி கேட்டார், அல்லது திருப்பி அனுப்பினார். கைமரத்துக்குப் பதில் இரும்புச் சட்டமும், மர யன்னலுக்குப் பதில் அலுமினியமும் வன்னிக்குள் வந்தது இப்படித்தான். உள்ளூர்ப் பொருள் அருமையானபோது அந்த இடத்தில் இறக்குமதிப் பொருள் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்திய வீட்டுத்திட்டத்தில் எல்லோருக்கும் ஒரே தொகைதானே? எங்கள் வீடு மட்டும் ஏன் கூரை இல்லாமல் நின்றது?

உங்கள் வீடு மட்டும் இல்லை. 2010 ஜூனில் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் முதல் 1,000 வீடுகள் முன்னோடியாகக் கட்டப்பட்டு 2012 ஜூலையில் முடிந்தன. வடக்கு கிழக்கின் பெருந்தொகையான வீடுகளுக்கான கட்டம் 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கியது. புதிய வீட்டுக்கு 550,000 ரூபா, திருத்த வேலைக்கு 250,000 ரூபா. வேலை ஏறும் அளவைப் பார்த்து, கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. இடைத்தரகர் இல்லாமல் காசு குடும்பத்தின் கையில் சேர்ந்ததை நான் இன்றும் நல்ல முறை என்றே சொல்வேன்.

ஆனால் தொகை நின்ற இடத்தில் நின்றது, விலை நடந்துகொண்டிருந்தது. 2012 பெப்ரவரியில் ரூபாவின் பிடியை மத்திய வங்கி தளர்த்தியதும் டொலர் சில மாதங்களில் 130 ரூபாவை எட்டியது. மணல், மரம் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஒரே கிராமத்தில் நூறு வீடு ஒன்றாக எழும்பினால், மேசனுக்கும் சீமெந்துக் கல் அரிகிறவருக்கும் டிப்பருக்கும் நூறு வீட்டாரும் போட்டி போட வேண்டும். இந்தப் போட்டியில் முதலில் தொடங்கியவர் பழைய விலைக்குக் கட்டினார், பிந்தியவர் புதிய விலைக்குக் கட்டினார். தலைவன் இல்லாத குடும்பங்களும் கடைசியாக மீள்குடியேறியவர்களும்தான் பெரும்பாலும் பிந்தினார்கள்.

கூரை என்பது வேலையின் பின்பாதியில் வரும் பெரிய செலவு. மரமும் ஓடும் சேரும் இடம் அது. அத்திவாரத்தில் மணலுக்குப் போன மிகைச் செலவு கூரையில்தான் பற்றாக்குறையாக வெளிப்பட்டது. சிலர் 550 சதுர அடிக்குப் பதிலாக ஓர் அறை கூட்டிக் கட்டினார்கள் என்பதும் உண்மை. அதற்காக அவர்களை ஊதாரி என்று பேசியவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. பத்து இடம் பெயர்ந்து, தறப்பாளின் கீழ் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாழ்நாளில் ஒரு முறை கட்டும் வீடு. நகையை அடகு வைத்து அந்த அறையைக் கட்டினார்கள்.

டொலர் ஏறினால் மறுநாளே கம்பி விலை ஏறுகிறது. இறங்கினால் ஏன் இறங்குவதில்லை?

கடைக்காரர் வாங்கிய விலையை வைத்து விற்பதில்லை, அடுத்த லொறிக்குக் கட்ட வேண்டிய விலையை வைத்து விற்கிறார். ஏறும்போது அடுத்த லொறி விலை கூடவாக வரும், ஆகவே உடனே ஏற்றுகிறார். இறங்கும்போது களஞ்சியத்தில் இருப்பது கூடிய விலைச் சரக்கு, அது தீரும் வரை இறக்கமாட்டார். பக்கத்தில் இன்னொரு கடை இருந்தால் சீக்கிரம் இறங்கும். ஒரே கடை உள்ள ஊரில் தாமதமாகும்.

வரியும் உண்டு. சுங்க வரி, துறைமுக வரி, சில பொருள்களுக்குச் செஸ் எனும் கூடுதல் வரி ஆகியவற்றைக் கூட்டிய தொகையின் மேல்தான் பெறுமதி சேர் வரி கணக்கிடப்படுகிறது. வரிக்கு மேல் வரி என்பதால், டொலர் பத்து ரூபா ஏறும்போது வரியும் சேர்ந்தே ஏறுகிறது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். போர் முடிந்த ஆண்டில் அது 12 சதவீதமாக இருந்தது.

சீமெந்துக்குக் கட்டுப்பாட்டு விலை இருந்ததே. அது உதவவில்லையா?

ஓரளவு உதவியது. 2015 ஜனவரி இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் மூடைக்கு 90 ரூபா குறைத்ததை மக்கள் கையில் உணர்ந்தார்கள். ஆனால் கட்டுப்பாட்டு விலை அடக்க விலைக்குக் கீழே போகும்போது சரக்கு மறைந்துவிடும். 2021இல் அப்படித்தான் மூடை தேடி அலைந்தோம். அந்த ஒக்டோபரில் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1,000 ரூபாவைச் சுற்றி இருந்த 50 கிலோ மூடை, 2022இல் டொலர் 200இலிருந்து 360 ரூபாவுக்குப் பாய்ந்தபோது 3,000 ரூபாவை எட்டியது. பாதி வீட்டோடு நின்ற குடும்பங்களுக்கு அது இரண்டாவது அடி.

மணலுக்கும் சல்லிக்கும் மரத்துக்கும் இப்படி ஒரு பிடி வடக்கில் உறுதியாக இருந்ததை நான் கண்டதில்லை.

விலை ஏறும் முன் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிடலாமா?

சீமெந்தை வேண்டாம். மூன்று மாதம் கிடந்தால் நன்றாக மூடி வைத்த மூடையே வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கக்கூடும், மாரிக் காற்றுப் பட்டால் இன்னும் கெடும். தடைக் காலத்தில் பொன்போல் பொத்திவைத்த மூடை ஒன்று, கல்லாக இறுகி, ஒரு வீட்டில் வாசற்படியாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கடதாசியின் மடிப்புகள்கூட அதில் பதிந்திருந்தன.

மணல், சல்லி, ஓடு, அறுத்த மரம் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கலாம். வைக்க இடம் இருந்தால் வாங்கவே வேண்டும், ஏனென்றால் தாமதமாவது அவைதான். கம்பியை நிலத்தில் படாமல், மழை படாமல் வைக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஒரு கடையில் கம்பி மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

தராசில் வைத்துப் பாருங்கள். 12 மில்லிமீற்றர் கம்பி ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.89 கிலோ இருக்க வேண்டும். 6 மீற்றர்க் கம்பி என்றால் 5.3 கிலோ. 10 மில்லிமீற்றர் என்றால் 6 மீற்றருக்கு 3.7 கிலோ. நாலரைக் கிலோவில் ஒரு '12 கம்பி' வந்தால், அது மலிவு இல்லை, மெலிவு. விலை ஏறும் காலங்களில்தான் இந்த மெல்லிய கம்பி கடைகளுக்குள் நுழைகிறது.

கூரைக்கு ஓடா, தகடா, அஸ்பெஸ்டஸா? எது விலைக்கு நல்லது?

ஓடு உள்ளூர், ஆனால் நம் மாவட்டத்தில் பெரும்பாலும் இல்லை. வென்னப்புவ, தங்கொட்டுவப் பக்கத்திலிருந்து வர வேண்டும், உடைவும் லொறிக் கூலியும் சேரும். அதோடு நிறைய மரமும் கேட்கும். தகடு டொலருடன் ஏறி இறங்கும், மரம் குறைவாகக் கேட்கும், வெயிலில் வேகும். மீள்குடியேறியபோது இந்திய உதவியாகக் கிடைத்த தகரங்களின் கீழ் நண்பகலில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அஸ்பெஸ்டஸின் நார் நுரையீரலைக் கெடுக்கும். விலை குறைவாக இருந்தாலும் பரிந்துரைக்கமாட்டேன். அதன் மூலப்பொருள் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வருகிறது. 2018 முதல் அதைக் கட்டுப்படுத்த அரசு முனைந்திருந்த வேளையில், 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாளில் அஸ்பெஸ்டஸ் தடை தள்ளிவைக்கப்பட்டது, தேயிலை மறுபடி ரஷ்யாவுக்குப் போனது. நம் கூரையின் விலை எங்கெங்கே முடிவாகிறது பாருங்கள்.

வெளியிலிருந்து ஆயத்த இரும்பு வீடுகளையே இறக்கியிருந்தால் இந்த மணல் பிரச்சினையே இல்லையே?

அதைத்தான் 2015, 2016 அளவில் 65,000 வீடுகளுக்குச் செய்யப் பார்த்தார்கள். ஒரு வீடு சுமார் 21 இலட்சம் ரூபா. அதில் ஏறத்தாழப் பாதிக்குக் கல்வீடு கட்டலாம் என்று வடக்கிலிருந்தே கணக்கோடு எதிர்ப்பு வந்தது, திட்டமும் நினைத்தபடி நடக்கவில்லை. அந்த எதிர்ப்பு சரி என்பதே என் கருத்து. மணல் தட்டுப்பாட்டுக்கு மருந்து, ஆறுகளை அளந்து முறையாக உத்தரவு கொடுப்பது. கல் அரிந்தவருக்கும் மேசனுக்கும் தச்சருக்கும் ஊரிலேயே சுழன்ற கூலியை முழுதாக வெளியே அனுப்புவது மருந்தாகாது. கடற்காற்றில் துருப்பிடிக்கும் ஒரு பலகைக்கு மாற்றுப் பலகை தேடி எங்கே போவது என்ற கேள்வியும் இருந்தது.

காங்கேசன்துறை ஆலை மறுபடி ஓடினால் விலை விழுமா?

எங்கள் தலைமுறைக்கு அது பாசத்தோடு கேட்கும் கேள்வி. ஆனாலும் விழும் என்று நான் நம்பவில்லை. சூளைக்கு நிலக்கரியும் உதிரிப் பாகங்களும் டொலரில்தான் வரும். அதைவிடப் பெரியது தண்ணீர். குடாநாட்டின் நிலத்தடி நீர் தங்கியிருப்பது அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்குள்தான். கல்லைத் தோண்டி எடுத்தால் அந்த இடத்தில் உப்பு நீர் ஏறும். சீமெந்தை இன்னொரு நாட்டிலிருந்து கொண்டுவரலாம், கிணற்றைக் கொண்டுவர முடியாது.

இப்போது மதிப்பீடு எடுத்தால் எவ்வளவு காலம் செல்லுபடியாகும்?

டொலர் 300 ரூபாவைச் சுற்றி நிற்கும் இந்நாள்களில் கம்பி, சீமெந்து, தகடு விலைகளை ஒரு மாதம் நம்பலாம். மணலுக்கும் சல்லிக்கும் கடை விலையைக் கேட்காதீர்கள், உங்கள் வளவில் பறித்த விலையைக் கேளுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு விலை எடுத்துக் கூடியதை எழுதுங்கள். ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பதானால், நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகாரசபை மாதந்தோறும் வெளியிடும் விலைச் சுட்டெண்ணை வைத்து ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

2013இல் லின்டல் (கதவு, யன்னலுக்கு மேல் வரும் கொங்கிரீட் வளை) மட்டத்தில் நின்ற வீட்டை இப்போது முடிக்கலாமா?

முடிக்கலாம், ஆனால் விலை விசாரிக்கும் முன் சுவரை விசாரியுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். மேல்துரு மட்டும் என்றால் தப்பியது. செதில் செதிலாக உரிந்தால் நல்ல கம்பி தெரியும் வரை கொங்கிரீட்டை உடைத்துப் புதுக் கம்பி கோர்க்க வேண்டும். பத்து மாரி நனைந்த சுவரின் மேல் வரிக் கற்களைச் சுத்தியலால் தட்டுங்கள். டங்கென்று ஒலித்தால் இருக்கட்டும், பொத்தென்று கேட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அதன் பிறகு கூரையிலிருந்து தொடங்குங்கள், பூச்சிலிருந்து தொடங்காதீர்கள். கைமரத்துக்கான அனுமதியையும் மணலையும் இன்றைக்கே சொல்லி வையுங்கள். சீமெந்தைக் கடைசியாக, வேலை தொடங்கும் வாரத்தில் வாங்குங்கள்.